குளிர்காற்றுக்குக் கூப்பன்

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ரோபோ, காலப் பயணம், வேற்றுக்கிரகவாசி என்று எல்லாவற்றையும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். அறிவியல் புனைகதைக்குப் புதுக் கருவை எங்கே தேடுவது? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: கருவியை விடுங்கள், அதோடு ஒட்டிக்கொண்டு வரும் சட்டதிட்டத்தைப் பாருங்கள். 2022 ஜூலையில் இலங்கையில் எரிபொருளைப் பங்கிட கியூ.ஆர். முறை வந்தது நினைவிருக்கும். தொடக்கத்தில் வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டத்தில் அதிசயம் எதுவுமில்லை. யாருக்கு எவ்வளவு என்று பிரித்த இடத்தில்தான் கதை கிடக்கிறது.

இதில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: பெற்றோலுக்குப் பதில் குளிர்காற்று. ஈரக்குமிழ் வெப்பநிலை (வெப்பமும் காற்றின் ஈரமும் சேர்ந்த அளவு) 35 பாகை செல்சியஸைத் தொட்டால் எவ்வளவு வியர்த்தாலும் உடம்பு குளிராது. நல்ல திடகாத்திரமான ஆள் நிழலில் சும்மா இருந்தாலே சில மணி நேரத்தில் உயிராபத்து. நம்மூர்ப் புழுக்கத்தை அந்த அளவுக்கு ஏற்றிவிட்டால், ஏ.சி. அறையில் நாளுக்கு இத்தனை மணி என்று கூப்பன் வருவதை வாசகர் உடனே நம்புவார்.

ஒரு தாளின் மேலே விதியை ஒரே வசனத்தில் எழுதுங்கள்: "கூப்பன் வீட்டுக்கு ஒன்று." கீழே மூன்று பேர்: விதியால் வாழ்கிறவர், விதிக்குள் அடங்காதவர், விதியை ஏய்ப்பவர். வீட்டுக்காரி, அவரிடம் போடிங்கில் இருக்கும் பையன், ஆளில்லாத வீட்டின் கூப்பனை விற்கும் தரகர். மூன்றாவது ஆள் பிடிபடாவிட்டால் எழுத உட்காராதீர்கள். விதியில் இன்னும் ஓட்டை விழவில்லை என்று அர்த்தம். கூப்பனோடு பறக்கும் காரையும் சேர்த்தால் எதனால் எது நடக்கிறதென்று குழம்பும். எங்களுக்கு வரும் கதைகளில் பாதி இங்கேதான் கவிழ்கிறது.

கேள்வி: நான் பௌதிகவியல் படித்ததில்லை. கணக்குப் பிழைத்தால் சிரிப்பார்களே? (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: ஒரு எண் சரியாக இருந்தால் போதும், அதுவே கதையை இழுத்துக்கொண்டு போகும். பூமியோடு சேர்ந்து சுற்றி ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் புவிநிலைச் செய்மதி பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீற்றரில் நிற்கிறது. சமிக்ஞை ஏறி இறங்கக் கால் செக்கனுக்குச் சற்றுக் குறைவு. கேட்டுப் பதில் வர ஏறக்குறைய அரைச் செக்கன். "வேறு யாராவது இருக்கிறாளா?" என்று மனைவி செய்மதித் தொலைபேசியில் கேட்கிறாள். கணவன் தயங்கினானா, செய்மதி தாமதித்ததா?

அந்தச் சுற்றுப்பாதையைத் தொலைத்தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று 1945இல் எழுதிய ஆர்தர் சி. கிளார்க், 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர். விண்வெளிக்கு ஏறும் மின்தூக்கியின் அடி பூமத்திய ரேகையில் இருப்பதே உகந்தது. கொழும்போ வடக்கே ஏறத்தாழ 7 பாகையில். அதனால் அந்த மின்தூக்கியைப் பற்றி 1979இல் வந்த தன் நாவலில் இலங்கையைப் போன்றதொரு தீவைத் தெற்கே நகர்த்தி வைத்தார். பொய் சொன்னாலும் காரணத்தோடு சொல்ல வேண்டும்.

கேள்வி: மாயக்கதைக்கு இதெல்லாம் எதற்கு? (வாசகி, தெஹிவளை)

பதில்: மந்திரத்துக்கும் கணக்கு உண்டு. மின்சாரத்தை மிச்சம்பிடிக்க 1996 மே மாதம் நாட்டின் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள், ஒக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியிலோ பழைய நேரமே ஓடியது. 2002இல் யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை திறந்தபின், எல்லையாக இருந்த ஓமந்தையைத் தாண்டி வடக்கே போனவருக்கு அரை மணி கூடியது, திரும்பியவருக்குக் குறைந்தது.

அந்த அரை மணி நேரத்தை நிஜமாக்குங்கள். போகும்போது வாங்கியதை வரும்போது கொடுத்தாக வேண்டும் என்று விலை வையுங்கள். விலை வைக்காவிட்டால் நாயகனுக்கு எல்லாம் கைகூடிவிடும், மூன்றாம் பக்கத்தில் கதை படுத்துவிடும். அடுத்து, திரும்பி வராதவர்களின் கணக்கை யார் தீர்ப்பது என்று எழுதத் தொடங்குங்கள்.