கேள்வி நேரம்: மரத்தில் தேடுங்கள், கோப்பில் திருத்துங்கள்

கேள்வி: பைத்தான் நிரலில், எச்சரிக்கையைப் பதிவு செய்யும் 'லாகர்.வார்ன்' (logger.warn) என்ற பழைய அழைப்பை 'லாகர்.வார்னிங்' ஆக்க வேண்டியிருந்தது. '.வார்ன்' என்று தேடி எல்லாக் கோப்புகளிலும் ஒரேயடியாக மாற்றினேன். இப்போது சில இடங்களில் நிரல் பிழை காட்டி நின்றுவிடுகிறது. ஏன்?

பதில்: 'வார்னிங்ஸ்' என்ற நிலையான தொகுதியிலும் 'வார்ன்' உண்டு. அதுவும் சேர்ந்து மாறியிருக்கும். அங்கே 'வார்னிங்' என்று எதுவும் இல்லாததால், அந்தப் பெயர் இல்லை என்னும் 'ஆட்ரிபியூட் எரர்' வருகிறது. கமென்ட்டுகளும் மேற்கோளுக்குள் இருந்த வாசகங்களும்கூட மாறியிருக்கும், பாருங்கள்.

பைத்தானோடு வரும் 'ஏஎஸ்டி' தொகுதியிடம் கோப்பைக் கொடுத்தால் அதன் தொடரியல் மரம், அதாவது நிரலின் அமைப்பைக் கிளைகளாகக் காட்டும் வடிவம், கிடைக்கும். அதில் அழைப்புகளைக் குறிக்கும் 'கால்' கணுக்களை மட்டும் எடுத்து மூன்றைச் சோதியுங்கள்: அழைக்கப்படுவது 'ஆட்ரிபியூட்' கணுவா, அதன் பெயர் 'வார்ன்'தானா, புள்ளிக்கு இடப்பக்கம் 'லாகர்' என்ற 'நேம்' கணு இருக்கிறதா? நான்கு வரிக்கு உடைத்து எழுதிய அழைப்பும் மரத்தில் ஒரே கணுதான், அதனால் தப்பாது.

ஆனால் மரத்துக்கு வகை தெரியாது. 'செல்ஃப்.லாக்.வார்ன்' என்று இருந்தால் அது லாகர்தானா என்று அது சொல்லாது. அப்படிப்பட்டவற்றைத் தனியே பட்டியலிட்டு, ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்தே மாற்றுங்கள்.

கேள்வி: மரத்தைத் திருத்தி, அதை மறுபடி நிரலாக்கும் 'அன்பார்ஸ்' கொண்டு கோப்பில் எழுதினேன். கமென்ட்டுகள் எல்லாம் போய்விட்டன. மீட்க முடியுமா?

பதில்: மரத்திலிருந்து முடியாது. பழைய பதிப்புகளைச் சேமித்துவைக்கும் 'கிட்'டில் இருக்கும் கோப்பைத்தான் எடுக்க வேண்டும். கமென்ட், வெற்று வரி, தேவைக்கு மேலான அடைப்புக்குறி, மேற்கோள் ஒற்றையா இரட்டையா என்பது எதையுமே ஏஎஸ்டி வைத்துக்கொள்வதில்லை. 3.9 பதிப்பில் வந்த அன்பார்ஸ், பொருள் மாறாத புதிய நிரலைத் தரும். நீங்கள் எழுதிய நிரலைத் தராது. மனிதர்கள் படித்துப் பராமரிக்கும் கோப்பில் அதைப் பயன்படுத்தவே கூடாது.

மரத்தைத் தேடுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, மூலக் கோப்பிலேயே அந்த இடத்தை மாற்றுங்கள். 3.8 முதல் இப்படிப்பட்ட கணு ஒவ்வொன்றும் தொடங்கும் இடத்தோடு முடியும் இடத்தையும் சொல்கிறது. 'லாகர்.வார்ன்' கணு முடியும் இடத்துக்கு முந்தைய 4 பைட்டுகள்தான் நீங்கள் மாற்ற வேண்டியவை.

பைட் என்று சொன்னதைக் கவனியுங்கள். வரி எண் 1இலிருந்தும், வரிக்குள் இடம் 0இலிருந்தும் தொடங்கும். அந்த இடம் யூடிஎஃப்-8 பைட் கணக்கு, எழுத்துக் கணக்கு அல்ல. தமிழ்ச் சரம் உள்ள நிரலில் இது உடனே உதைக்கும். ஒரே வரியில் எழுதிய 'இஃப்' கூற்றில் "வணக்கம்" என்று ஒப்பிட்டு, அடுத்து லாகரை அழைப்பதாக வைத்துக்கொள்வோம். "வணக்கம்" பைத்தானுக்கு 7 குறிகள் (மெய்யின் புள்ளியும் தனிக் குறி), கோப்பில் 21 பைட்டுகள். சரமாக வெட்டினால் 14 இடம் தள்ளிப்போய் வேறெதையோ அறுத்துவிடுவீர்கள். கோப்பை பைட்டாகவே படித்து, பைட்டாகவே வெட்டி, பைட்டாகவே எழுதுங்கள்.

திருத்தங்களைக் கோப்பின் அடியிலிருந்து மேல்நோக்கிச் செய்யுங்கள். மேலிருந்து தொடங்கினால் முதல் திருத்தத்திலேயே அந்த வரியின் மற்ற இடக்கணக்குகள் நகர்ந்துவிடும். வெட்டுவதற்கு முன் அந்த 4 பைட்டுகளும் 'வார்ன்'தானா என்று ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 3.12க்கு முந்தைய பதிப்புகளில் எஃப்-சரத்துக்குள் (நிரல் துண்டுகளை நடுவே வைக்கக்கூடிய சரம்) இருக்கும் கணுக்களின் இடம் தவறாக வரக்கூடும். அந்த ஒப்பீடு அங்கே காப்பாற்றும். முடித்தபின் இந்தத் திருத்தும் நிரலை மறுபடி ஓட்டினால் ஒரு மாற்றமும் வரக்கூடாது.

அழைப்பின் அமைப்பையே மாற்றும் பெரிய திருத்தம் என்றால் 'லிப்சிஎஸ்டி' என்ற பைத்தான் நூலகத்துக்குப் போங்கள். அதன் மரம் இடைவெளியையும் கமென்ட்டையும் சேர்த்தே வைத்திருக்கிறது.

கேள்வி: சி மொழிக்கு என்ன இருக்கிறது?

பதில்: 'காக்சினெல்' என்ற கருவி, சி நிரலை விதிப்படி தேடித் திருத்தும். லினக்ஸ் கெர்னலின் 'ஸ்கிரிப்ட்ஸ்' அடைவிலேயே அதற்கான விதிகள் இருக்கின்றன. இரு பதிப்புகளின் வேறுபாட்டைக் காட்டும் டிஃப் போலவே கழித்தல், கூட்டல் வரிகளில் விதி எழுதலாம்: நினைவகம் ஒதுக்கும் 'கேமேலாக்', அதன்பின் பூஜ்யம் நிரப்பும் 'மெம்செட்' இரண்டையும் நீக்கி, இரு வேலையையும் செய்யும் ஒரே 'கேஸீமேலாக்' வை என்று. இரண்டுக்கும் நடுவே, 'இடையில் எது வந்தாலும் சரி' என்னும் மூன்று புள்ளியை மட்டும் போட்டால், இடையில் அந்த நினைவகத்தில் யாராவது எழுதியிருந்தாலும் விதி பொருந்திவிடும். நிரலின் நடத்தை மாறும். 'வென்' நிபந்தனை கொடுத்து அதை விலக்குங்கள். இடையில் வரும் 'நல்' (NULL) சோதனையை, அதாவது நினைவகம் கிடைத்ததா என்ற சோதனையை, விதியிலேயே எழுத வேண்டும். ஆச்சரியக்குறி போட்டுச் சோதித்தாலும், 'நல்'லோடு ஒப்பிட்டுச் சோதித்தாலும் காக்சினெல் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும்.