உங்கள் சிப்பின் அசல் நகல் உங்களிடம் இருக்கிறதா?

கேள்வி: பழைய திங்க்பேட் எக்ஸ்230 ஒன்று வாங்கினேன். புது வைஃபை கார்டு போட்டதும் 1802 என்று பிழை காட்டி நின்றுவிடுகிறது. பயாஸுக்கு (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) பதிலாக கோர்பூட் என்ற திறந்த மூல மென்பொருளைப் போட்டால் சரியாகும் என்கிறார்கள். பயாஸ் சிப்பில் எழுதும் சிஎச்341ஏ புரோகிராமர் கருவி வாங்கி நானே செய்யலாமா, போர்டு செத்துவிடுமா? சர்வீஸ் கடைக்காரர், "ரெடிமேட் ஃபைல் இருக்கு, அரை மணி நேரத்துல ஏத்தித் தர்றேன்" என்கிறார். தம்பியிடம் எக்ஸ்240 இருக்கிறது. அதற்கும் செய்யலாமா?

பதில்: உங்கள் எக்ஸ்230க்கு நீங்களே செய்யலாம். கார்டில் கோளாறு இல்லை. தன் பட்டியலில் இல்லாத வைஃபை கார்டைக் கண்டால் மேலே போகாதபடி லெனோவோ பயாஸ் எழுதப்பட்டிருக்கிறது. காசு கொடுத்து வாங்கியவருக்கு ஒரு கார்டை மாற்றும் உரிமைகூட இல்லை என்பது அநியாயம். கோர்பூட்டில் அந்தப் பட்டியலே கிடையாது. பேட்டரிக்கும் இப்படி ஒரு கட்டுப்பாடு உண்டு. அது ஈசி என்ற தனிக் கட்டுப்பாட்டுச் சிப்பில் இருப்பதால் கோர்பூட் போட்டாலும் போகாது. பிறகு ஈசியைப் புதுப்பிப்பது சிரமம் என்பதால், லெனோவோவின் கடைசி பயாஸ் அப்டேட்டை முதலிலேயே போட்டுவிடுங்கள்.

போர்டு சாவதற்கு முதல் காரணம் நீங்கள் சொன்ன அந்தக் கறுப்பு சிஎச்341ஏதான். சிப்புக்கு 3.3 வோல்ட் மின்சாரம் கொடுத்துவிட்டு, டேட்டா கம்பிகளில் மட்டும் 5 வோல்ட் விடும். "நான் பத்து முறை செய்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்பவர்கள் இருப்பார்கள். சிப் போர்டிலேயே இருக்கும்போது அந்த 5 வோல்ட் மற்ற பாகங்களுக்கும் போகும் என்பதை மறக்காதீர்கள். ராஸ்பெரி பை பிக்கோ என்ற சிறு போர்டு ஒன்றும் எட்டுக்கால் சிப்புக்கான நல்ல கிளிப் ஒன்றும் வாங்குங்கள். பிக்கோவில் செர்ப்ரோக் என்ற ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) போட்டால் அதுவே 3.3 வோல்ட் புரோகிராமர். கம்பிகள் 10 செ.மீ.க்கு மேல் வேண்டாம்.

கீபோர்டையும் முன்பக்க மேல்மூடியையும் கழற்றினால் பயாஸ் பதிந்துள்ள இரண்டு சிப்கள் தெரியும். திரைக்குப் பக்கத்தில் உள்ளது 4 எம்பி, உங்கள் பக்கம் உள்ளது 8 எம்பி. சார்ஜர், பேட்டரி, நாணய பேட்டரி மூன்றையும் எடுத்த பிறகே கிளிப் மாட்டுங்கள். மின்சாரம் ஓடும்போது கிளிப்பை அசைக்கவே கூடாது.

ஃப்ளாஷ்ராம் மென்பொருளால் ஒவ்வொரு சிப்பையும் மூன்று முறை படித்து, மூன்றின் செக்சமும் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒன்றா என்று பாருங்கள். ஃபைல் அளவு 83,88,608 பைட், 41,94,304 பைட் என்று துல்லியமாக வர வேண்டும். அதோடு விடாதீர்கள். கிளிப் சரியாகப் பிடிக்காவிட்டால் மூன்று முறையும் வெறும் எஃப்எஃப் (காலி என்று பொருள்) மட்டுமே வரக்கூடும், அப்போதும் செக்சம் அழகாக ஒத்துப்போகும். ஃபைலைப் பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து உள்ளே உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பிறகு இரண்டு பென்டிரைவில் நகல் எடுத்து வையுங்கள்.

கடைக்காரரின் ரெடிமேட் ஃபைலை ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதற்கும் இதுதான் காரணம். 8 எம்பி சிப்பில் உங்கள் மெஷினின் ஈதர்நெட் மேக் முகவரி (நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்) இருக்கிறது. யாரோ ஒருவரின் சிப் நகலை அதில் ஏற்றினால் அவருடைய முகவரி உங்களுக்கு வந்து சேரும். ஒரே ஃபைலைப் பத்து மெஷினில் ஏற்றி விற்பவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சிலர், கோர்பூட்டை வைத்துத் தயார் ஃபைல்கள் தரும் லிப்ரிபூட் திட்டம் வெளியிடும் ஃபைலை இறக்கி அப்படியே எழுதிவிடுகிறார்கள். எக்ஸ்230க்கான ஃபைலில் இன்டெல் எம்இ (சிப்செட்டுக்குள் தனியாக ஓடும் இன்டெலின் ஃபர்ம்வேர்) பகுதி நீக்கப்பட்டிருக்கும். லிப்ரிபூட்டின் சொந்தக் கருவியால் அதைச் சேர்த்த பிறகே எழுத வேண்டும், இல்லையென்றால் மெஷின் எழாது. அப்போது, "போர்டு போச்சு, மாத்தணும்" என்று அடுத்த பில் வரும். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எழுதுவதற்கு முன் என் 12 எம்பி அசல் நகலை என் கையில் தருவீர்களா? தயங்கினால் மெஷினை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

கோர்பூட் மூலநிரலை இறக்கி முதலில் அதன் கம்பைலர்களைக் கட்டுங்கள். நேரம் பிடிக்கும். அதற்கு முன்பே கணினியில் அடா மொழியின் நாட் கம்பைலர் இருக்க வேண்டும், திரையை உயிர்ப்பிக்கும் பகுதி அடாவில் எழுதப்பட்டது. மெனுவில் லெனோவோ, எக்ஸ்230, பேலோடாக (கோர்பூட் தன் வேலை முடிந்ததும் ஓட்டும் நிரல்) சீபயாஸ் தேர்ந்தெடுங்கள். சிபிஎஃப்எஸ் (சிப்பில் கோர்பூட் தன் ஃபைல்களை வைக்கும் இடம்) அளவை 4 எம்பி ஆக்குங்கள், அதாவது ஹெக்ஸில் 4ஐத் தொடர்ந்து ஐந்து சைபர். கிடைக்கும் 12 எம்பி ஃபைலின் கடைசி 4 எம்பியை மட்டும் வெட்டி, 4 எம்பி சிப்பில் எழுதுங்கள். பிராசசர் படிக்கும் முதல் கட்டளை அங்கேதான் இருக்கிறது. 8 எம்பி சிப்பைத் தொடாதீர்கள். நீங்கள் கட்டிய ஃபைலில் அந்தப் பகுதி காலியாக இருக்கும்.

முதல் முறை ராமைச் சோதித்துப் பழகும்வரை திரை இருட்டாக இருக்கும். ஒரு நிமிடம் பொறுங்கள். வரவில்லையா, ஒரே ஒரு ராம் வைத்துப் பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் அசல் 4 எம்பியைத் திரும்ப எழுதுங்கள், பழையபடி எழுந்துவிடும்.

தம்பியின் எக்ஸ்240க்கு வேண்டாம். அதில் பூட் கார்டு (Boot Guard) என்ற பூட்டு இருக்கிறது. தயாரிப்பாளரின் சாவி அடையாளம் சிப்செட்டுக்குள்ளேயே அழிக்க முடியாதபடி எரிக்கப்பட்டிருப்பதால், வேறு ஃபர்ம்வேர் போட்டால் பிராசசர் ஓட்டாது. சொந்தக்காரரையே வெளியே நிறுத்தும் இதைப் பாதுகாப்பு என்று விற்கிறார்கள். "திங்க்பேட் டி480க்கு மட்டும் எப்படி முடிகிறது?" என்று கேட்பீர்கள். அதிலும் அதே பூட்டுதான். ஆனால் அந்தத் தலைமுறையின் எம்இ 11இல் 2017இல் வெளியான ஒரு ஓட்டை உண்டு. ஓட்டையுள்ள பழைய எம்இ பதிப்பை வேண்டுமென்றே ஏற்றி, அதன் வழியாகப் பூட்டைச் செயலிழக்கச் செய்கிறது டிகார்டு (deguard) என்ற கருவி. 2024 டிசம்பரிலிருந்து லிப்ரிபூட் இதை ஆதரிக்கிறது. அதில் இருப்பது ஒரே 16 எம்பி சிப். எம்இ பகுதியையும் எழுத வேண்டும் என்பதால், மேலே சொன்ன "ஒரு சிப்பைத் தொடாதே" விதி அங்கே செல்லாது. தண்டர்போல்ட் ஃபர்ம்வேரையும் முன்னதாகவே புதுப்பிக்க வேண்டும். டி480க்கு முடிகிறதே என்று எக்ஸ்240க்கும் செய்து தருவதாக யாராவது சொன்னால் முன்பணம் கொடுக்காதீர்கள்.