பஞ்சிங் மெஷினை அப்புறம் கழற்றலாம்

கேள்வி: ஓசூரில் சிறிய இன்ஜினியரிங் தொழிற்கூடம் நடத்துகிறேன். அறுபது பேர் வேலை பார்க்கிறார்கள். பிரேசில் நாட்டில் செம்கோ என்ற கம்பெனியில் வேலை நேரம், சம்பளம் எல்லாவற்றையும் தொழிலாளர்களே முடிவு செய்கிறார்கள், மேலதிகாரிக்கு அவர்களே மார்க் போடுகிறார்கள் என்று ஒரு நிர்வாகப் பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம் ஊரில் இப்படி விட்டால் ஒரே மாதத்தில் கம்பெனியைத் தின்று தீர்த்துவிட மாட்டார்களா? நம்பத் தகுந்த ஆட்கள் முதலில் வேண்டாமா? சோதனைக்காக, வருகை நேரம் பதியும் பஞ்சிங் மெஷினை மட்டும் எடுத்துப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன். உங்கள் கருத்து?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஓசூர்

பதில்: உங்கள் ஆட்களை நீங்கள் ஏற்கெனவே நம்பிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். பல லட்சம் ரூபாய் மெஷினை இரவு ஷிஃப்டில் ஒருவர் கையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குகிறீர்கள். அவர் ஓர் அளவைத் தப்பாக வைத்தால் மொத்தச் சரக்கும் காயலான் கடைக்குப் போகும். கஸ்டமரும் போவார். அவ்வளவு நம்பிய அதே ஆள், காலையில் கேட்டைத் தாண்டும்போது டிபன் பாக்ஸைத் திறந்து செக்யூரிட்டியிடம் காட்ட வேண்டும். உங்கள் தொழிற்கூடத்தில் இந்தச் சோதனை இல்லையென்றால் சந்தோஷம். பல இடங்களில் இருக்கிறது. செம்கோவிலும் இருந்தது. அதை எடுத்தபோது அதன் முதலாளி ரிகார்டோ செம்லர் சொன்ன நியாயம் சுருக்கமானது: நூற்றில் இரண்டு மூன்று பேர் திருடுவார்கள் என்பதற்காக மீதி 97 பேரைத் தினமும் அவமானப்படுத்த மாட்டேன். திருடியவர் பிடிபட்டால் வழக்குப் போடுவேன் என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார்.

எனவே நம்பத் தகுந்த ஆட்கள் கிடைப்பார்களா என்று கவலைப்படாதீர்கள். உங்களைப் பார்த்துக் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: நீங்கள் அவர்கள் நம்பத் தகுந்த முதலாளியா?

கோபப்படாமல் செம்கோ கதையைக் கொஞ்சம் கேளுங்கள். பயிற்சி வகுப்பில் சொல்லாமல் விட்டவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன்.

சாவோ பாலோவில் கப்பல்களுக்கான பம்புகள் செய்துகொண்டிருந்த குடும்பக் கம்பெனி அது. 1980-இல் கப்பல் கட்டும் தொழில் படுத்துக் கிடந்தபோது, தந்தையிடமிருந்து பொறுப்பு 21 வயது ரிகார்டோவிடம் வந்தது. முதல் நாளே உயர் நிர்வாகிகளில் நூற்றுக்கு அறுபது பேரை வீட்டுக்கு அனுப்பினார். யாரிடமும் வாக்கெடுக்கவில்லை! உலகப் புகழ்பெற்ற தொழிற்சாலை ஜனநாயகத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டது இந்தக் காரியம்தான். மேடையில் பேசுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். மற்ற மாற்றங்களும் ஒரே நாளில் வரவில்லை. எண்பதுகள் முழுக்க ஒவ்வொன்றாக வந்தன.

1989-இல் செம்லரே எழுதிய கணக்குப்படி அங்கே 800 பேர் வேலை பார்த்தார்கள். வேலை நேரத்தை, மெஷினில் நிற்பவர்கள் உட்பட, பெரும்பாலோர் தாங்களே வைத்துக்கொண்டார்கள். ஆனால் சம்பளத்தைத் தாங்களே நிர்ணயித்தவர்கள் நிர்வாகப் பொறுப்பில் இருந்த நூற்றைம்பதுக்கும் சற்று அதிகமானவர்கள் மட்டும்தான். உங்கள் பயிற்சியாளர் இதைச் சொன்னாரா? அவர்கள் எழுதிக்கொண்ட சம்பளமும் மூடி வைத்த ரகசியமல்ல, கேட்ட யாருக்கும் தெரியும். நாளைக்கு கேன்டீனில் எல்லார் முகத்திலும் விழிக்க வேண்டும் என்று தெரிந்தவன் தன் சம்பளத்தை எவ்வளவு என்று எழுதுவான்? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நேர விஷயத்துக்கும் இதே பதில்தான். ஆளுக்கொரு நேரத்துக்கு வந்தால் அசெம்பிளி லைன் நின்றுவிடும் என்று அங்கேயும் பயந்தார்கள். தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசி, ஒன்றாக வந்து ஒன்றாகப் போனார்கள். லைன் நின்றால் நஷ்டம் தங்கள் லாபப் பங்கிலும் விழும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தப் பங்கு இல்லாமல் பஞ்சிங் மெஷினை மட்டும் கழற்றினால், சுவரில் நான்கு ஆணி ஓட்டை மிஞ்சும். அதைக் கழற்றுவது கடைசி வேலை.

முதல் வேலை எது என்பதில்தான் கதையின் உயிர் இருக்கிறது. செம்கோவில் மாதாமாதம் ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவருடைய பிரிவின் வரவு செலவு, லாப நட்டம், கையிருப்பு எல்லாம் அடங்கிய கணக்கு போகும். வெறும் காகிதத்தைக் கொடுத்தால் எப்படிப் புரியும்? அதைப் படிக்க வகுப்பு நடந்தது. வகுப்பு எடுத்தது யார் தெரியுமா? தொழிற்சங்கம். முதலாளி காட்டும் கணக்கை முதலாளியின் ஆளே விளக்கினால் யார் நம்புவார்கள் என்பது செம்லருக்குத் தெரிந்திருக்கிறது. சங்கம் என்ற பேச்சை எடுத்தாலே நம் தொழிற்பேட்டைகளில் பல முதலாளிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது. அவர் அதே சங்கத்தைக் கணக்கு வாத்தியாராக உட்கார வைத்தார்.

அடுத்தது பணம். ஆண்டுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு பிரிவிலும் வரி போக வந்த லாபத்தில் 23 சதவீதத்தைத் தனியாக எடுத்து, அந்தப் பிரிவினர் தேர்ந்தெடுத்த மூன்று பேர் கையில் கொடுத்துவிடுவார்கள். எப்படிப் பிரிப்பது என்று பிரிவே கூடி வாக்களித்து முடிவு செய்யும். பெரும்பாலான பிரிவுகளில் தலைக்குச் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். தரை கூட்டுகிறவருக்கும் பிரிவுத் தலைவருக்கும் ஒரே தொகை! ஒரு பிரிவு மட்டும், வீடு கட்டக் கடன் கொடுக்கும் நிதியாக அதை வைத்துக்கொண்டது. அதற்கும் கொஞ்ச வாக்கு வித்தியாசத்தில்தான் முடிவு வந்தது.

இப்போது உங்கள் தீபாவளி போனஸை நினைத்துப் பாருங்கள். இந்த வருஷம் நஷ்டம், சட்டம் சொல்லும் குறைந்தபட்ச 8.33 சதவீதத்துக்கு மேல் முடியாது என்று நீங்கள் சொல்வீர்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் லாபம் வந்த வருஷத்தில் எவ்வளவு வந்தது என்று அவர்களிடம் சொன்னீர்களா? லாபத்தில் காட்டாத கணக்கு நோட்டை நஷ்டத்தில் மட்டும் தூக்கிக்கொண்டு வந்தால் ஒருவரும் நம்ப மாட்டார்.

இன்னொரு விஷயம். முதலாளி தோற்கத் தயாராக இருந்தார் என்பதற்கு அங்கே சாட்சி இருக்கிறது. தொழிற்சாலையை இடம் மாற்ற வேண்டி வந்தபோது ஒரு நாள் வேலையை நிறுத்தி, எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றி மூன்று கட்டடங்களைக் காட்டினார்கள். தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்தது நிர்வாகத்துக்குப் பிடிக்காத இடம். எதிரே, தொழிலாளர் தகராறுக்குப் பேர்போன ஒரு கம்பெனி. இருந்தும் அங்கேயே போனார்கள். ஒரு கம்பெனியை விலைக்கு வாங்கலாம் என்று நிர்வாகம் நினைத்ததையும் தொழிலாளர்கள் தடுத்திருக்கிறார்கள். வாங்கியிருக்கத்தான் வேண்டும் என்று செம்லர் அதன்பிறகும் சொன்னார். ஆனால் வாங்கவில்லை. கேன்டீன் மெனுவுக்கும் யூனிஃபார்ம் கலருக்கும் ஓட்டெடுக்க எந்த முதலாளியாலும் முடியும்.

நீங்கள் சொல்லும் ‘தின்று தீர்ப்பார்கள்’ என்ற பயத்துக்கு 1990 பதில் சொல்கிறது. அந்த மார்ச்சில் பிரேசிலின் புதிய அதிபர் கோலோர், பணவீக்கத்தை அடக்குகிறேன் என்று மக்களின் வங்கிப் பணத்தில் பெரும்பகுதியை முடக்கினார். நாட்டில் யார் கையிலும் காசில்லை. பம்பும் தொழிற்சாலை மிக்ஸர் மெஷினும் யார் வாங்குவார்கள்? செம்கோவில் விற்பனை அப்படியே நின்றது. ஆட்குறைப்பா, சம்பளக் குறைப்பா என்ற பேச்சு வந்தபோது தொழிலாளர் குழு ஒரு பேரத்தை முன்வைத்தது. நாங்கள் 30 சதவீதம் சம்பளத்தைக் குறைத்துக்கொள்கிறோம். நிர்வாகிகள் 40 சதவீதம் குறைத்துக்கொள்ள வேண்டும். லாபப் பங்கை 39 சதவீதமாக ஏற்ற வேண்டும். இனி கம்பெனி செய்யும் ஒவ்வொரு செலவுக்கும் எங்கள் ஆள் ஒருவரின் கையெழுத்து வேண்டும். நிர்வாகம் ஒத்துக்கொண்டது. வெளியே கொடுத்திருந்த சில வேலைகளை, துப்புரவு, காவல், சமையல் உட்பட, தொழிலாளர்களே எடுத்துச் செய்தார்கள்.

தின்று தீர்க்கிறவர்கள் சம்பளத்தில் முப்பது சதவீதத்தை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அதுவரை மாதாமாதம் கணக்கைப் பார்த்தவர்கள் என்பதால்தான் நெருக்கடி நிஜமா நாடகமா என்ற சந்தேகம் அங்கே எழவில்லை. அந்த நம்பிக்கை நெருக்கடி வந்த அன்று கேட்டுக் கிடைத்ததல்ல. பல வருஷம் நோட்டைத் திறந்து காட்டியதில் சேர்ந்தது.

இதோடு நிறுத்தினால் நானும் பயிற்சி வகுப்புதான் நடத்துகிறேன் என்று ஆகிவிடும். அந்த ஏற்பாடும் போதவில்லை. செம்கோ தன் வேலைகளில் பெரும்பகுதியை, வெளியேறி சிறு தொழில் தொடங்கிய தன் பழைய ஊழியர்களிடமே ஒப்பந்தமாகக் கொடுத்தது. மெஷின்களைச் சலுகை வாடகைக்கும் கொடுத்தது. சிலர் நன்றாக முன்னுக்கு வந்தார்கள். ஆனால் மாதச் சம்பளக்காரராக இருந்தவர் தலையில் ஆர்டர் வருமா வராதா என்ற கவலை ஏறியதும் நிஜம். மேலும், இந்தக் கதையில் பாதிக்கு மேல் நமக்குச் சொன்னவர் முதலாளி. தொழிலாளி எழுதிய செம்கோ வரலாற்றை யாரும் மேடையில் மேற்கோள் காட்டுவதில்லை.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் ஓட்டு இருந்தது. கம்பெனி யாருடையது என்பதற்கு மட்டும் இல்லை. உரிமை செம்லரிடமே இருந்தது. அவர் நல்ல மனசோடு கொடுத்ததை, மனசு மாறினால் அவரே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அவர் எடுத்துக்கொள்ளவில்லை, சரி. ஆனால் பிற்காலத்தில் செம்கோவின் தொழில்கள் பல வெளிநாட்டு நிறுவனங்களோடு கூட்டாகி, பங்குகள் விற்கப்பட்டன. அந்தப் பழைய தொழிற்சாலை ஜனநாயகம் இன்று அதே வடிவில் இல்லை.

உரிமையும் தொழிலாளர்களிடமே இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க பிரேசில் போக வேண்டாம். பாண்டிச்சேரியிலோ கேரளத்திலோ இந்தியன் காபி ஹவுஸில் நீங்கள் காபி குடித்திருப்பீர்கள். ஐம்பதுகளில் மத்திய அரசின் காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூடி ஆட்களை வெளியே அனுப்பியபோது, கேரளக் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அவர்களைக் கூட்டுறவு சங்கங்களாகச் சேரச் சொன்னார். 1957-இல் பெங்களூரில் முதல் சங்கம் பிறந்தது. விசிறித் தலைப்பாகையோடு கட்லெட் கொண்டுவந்து வைக்கிறவர் அங்கே பங்குதாரர். இதுவும் மந்திரமல்ல. ஸ்பெயினின் மோண்ட்ராகோன் கூட்டுறவுகளை உலகமே கொண்டாடுகிறது. அதன் தாய்க் கம்பெனி வழிவந்த ஃபாகோர் வீட்டுச் சாதன நிறுவனம் 2013-இல் திவாலானது. உறுப்பினர்கள் போட்டிருந்த பணம் போயிற்று. பலருக்குச் சகோதரக் கூட்டுறவுகளில் வேலை கொடுத்தார்கள் என்பது ஆறுதல். தொழிலாளியே முதலாளியானாலும் சந்தை இரக்கம் காட்டாது.

உங்கள் கம்பெனியைக் கூட்டுறவாக எழுதிக்கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்க மாட்டீர்கள். சோதனை செய்தே தீர வேண்டும் என்றால் இதைச் செய்யுங்கள்: போன மாதத்து வரவு செலவை ஒரே தாளில், சாதாரணத் தமிழில் எழுதுங்கள். ஷிஃப்ட் நேரத்திலேயே ஒரு மணி நேரம் மெஷினை நிறுத்தி அறுபது பேரையும் உட்கார வைத்து, வரிவரியாக விளக்குங்கள். ஓவர்டைம் போட்டு வரச் சொல்லாதீர்கள். முதல் கூட்டத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மூன்றாவது, நான்காவது கூட்டத்தில் ஒருவர் எழுந்து, உங்கள் கார் தவணையும் வீட்டு ஏசியின் கரண்ட் பில்லும் எந்தச் செலவுக் கணக்கில் வருகின்றன என்று கேட்பார். அதற்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும்.

ஒருவேளை வருமான வரிக்கு ஒரு நோட்டு, உங்களுக்கு ஒரு நோட்டு என்று வைத்திருந்தால், செம்கோவை இப்போதைக்கு மறந்துவிட்டு ஒரு நல்ல ஆடிட்டரைப் போய்ப் பாருங்கள்.