தழும்புக்குப் பக்கத்துல ஒரு கட்டி

கேள்வி: வணக்கம் டாக்டர், எனக்கு வயசு 47. நாலு வருஷம் முன்னாடி இடது மார்புல கேன்சர்னு சொல்லி கட்டியை மட்டும் எடுத்துட்டு ரேடியேஷன் குடுத்தாங்க. முழுசா எடுத்துடலாமான்னு கேட்டப்போ நான்தான் வேண்டாம்னு சொன்னேன். போன வாரம் குளிக்கும்போது சோப்பு போடுற கையில பழைய தழும்புக்குப் பக்கத்துல பட்டாணி மாதிரி ஒண்ணு தட்டுப்பட்டுச்சு, வலி இல்ல. வீட்ல யார்கிட்டயும் சொல்லல. அன்னிக்கே முழுசா எடுத்திருந்தா இப்படி ஆகியிருக்காதோன்னு தூக்கமே வரல. அடுத்த மேமோகிராமுக்கு 3 மாசம் இருக்கு, அதுவரை காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம்மா. இந்த வாரமே ஆபரேஷன் பண்ணின டாக்டரைப் போய்ப் பாருங்க. ஆபரேஷன், ரேடியேஷனுக்கு அப்புறம் அந்த இடத்துல கொழுப்பு செத்துப்போய் கல்லு மாதிரி இறுகிடுறதும் உண்டு, அது கேன்சரே கிடையாது, ஆனா தொட்டுப் பார்த்து அதையும் இதையும் பிரிச்சுச் சொல்ல எந்த டாக்டர் விரலாலயும் முடியாது. மேமோகிராம், அல்ட்ராசவுண்ட் பார்த்துட்டு சந்தேகம் இருந்தா ஊசி போட்டு துணுக்கு சதை எடுத்து பயாப்ஸி பண்ணுவாங்க, அதுதான் முடிவா சொல்லும்.

உங்களைத் தூங்க விடாத விஷயத்துக்கு வரேன். இத்தாலியில மிலான்ல 1973-லேர்ந்து 1980 வரைக்கும் சின்ன கட்டி இருந்த 701 பெண்களை ரெண்டா பிரிச்சு, 349 பேருக்கு மார்பை முழுசா எடுத்தாங்க, 352 பேருக்கு கட்டி இருந்த பகுதியை மட்டும் எடுத்து ரேடியேஷன் குடுத்தாங்க. 20 வருஷம் கழிச்சுப் பார்த்தப்போ, மார்பைக் காப்பாத்தினவங்கள்ல 30 பேருக்கு அதே மார்புல திரும்ப வந்திருந்துச்சு, முழுசா எடுத்தவங்கள்லயும் 8 பேருக்கு அதே பக்கம் வந்திருந்துச்சு. வித்தியாசம் இருக்கு, மறைக்க மாட்டேன். ஆனா உயிரோட இருந்தவங்க கணக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். நீங்க அன்னிக்கு எடுத்தது தப்பான முடிவு இல்லம்மா, தயவுசெஞ்சு அந்தப் பாரத்தை இறக்கி வைங்க.

ஒருவேளை கேன்சர்தான்னு வந்தாலும், மார்போட நின்னிருந்தா முழுசா குணப்படுத்துற நோக்கத்தோடதான் வைத்தியம் பண்ணுவாங்க. வேற எங்கயும் பரவலையான்னு ஸ்கேன்ல பார்ப்பாங்க. ஹார்மோன் ரிசெப்டர் (கேன்சர் ஹார்மோனால வளருதான்னு பார்க்கிறது), ஹெர்2 (அதை வேகமா வளர வைக்கிற ஒரு புரோட்டீன் அதிகமா இருக்கான்னு பார்க்கிறது) டெஸ்ட் ரெண்டையும் புதுசா பண்ணச் சொல்லிக் கேளுங்க, பழைய ரிப்போர்ட்ல இருந்த மாதிரியே இப்பவும் இருக்கணும்னு இல்ல, மருந்தே அதை வெச்சுதான் மாறும். ஒரு தடவை ரேடியேஷன் வாங்கின இடத்துல மறுபடி முழுசா குடுக்கிறது கஷ்டம், அதனால இந்தத் தடவை பெரும்பாலும் மார்பை எடுக்கத்தான் சொல்வாங்க, சிலருக்கு மட்டும் மறுபடியும் காப்பாத்த முடியும். டாமாக்சிஃபென் மாதிரி, கேன்சருக்கு ஹார்மோன் போய்ச் சேராம தடுக்கிற மாத்திரை ஓடிட்டு இருந்தா பயத்துல நீங்களா நிறுத்திடாதீங்க.

போகும்போது பழைய பயாப்ஸி ரிப்போர்ட், ஆபரேஷன் நோட், எவ்வளவு ரேடியேஷன் குடுத்தாங்கங்கிற பேப்பர் மூணையும் எடுத்துட்டுப் போங்க, தொலைஞ்சிருந்தா குடுத்த இடத்துல கேட்டா காப்பி தருவாங்க. அப்புறம், தனியா போகாதீங்கம்மா. பயத்துல உக்காந்திருக்கும்போது டாக்டர் சொல்றது பாதி காதுல ஏறாது, கூட இருக்கிறவங்க கேட்டு எழுதி வெச்சுக்கட்டும். இன்னிக்கு ராத்திரியே வீட்ல ஒருத்தர்கிட்டயாவது சொல்லிடுங்க.