தடையைக் கண்டால் பறக்கிறதே!

கேள்வி: வார இறுதியில் குதிரையேற்றம் கற்கிறேன். தடை நெருங்கியதும் குதிரை வேகமெடுக்கிறது, எவ்வளவு இழுத்தாலும் அடங்குவதில்லை. என்ன செய்வது? – வாசகி, ஈசூன்

பதில்: முதலில் இழுப்பதை நிறுத்துங்கள். நீங்கள் இழுக்க இழுக்க அது கடிவாளத்தில் சாய்ந்துகொண்டு இன்னும் ஓடும், பந்தயத்திலிருந்து வந்த குதிரை என்றால் கேட்கவே வேண்டாம். நிமிர்ந்து உட்கார்ந்து, சற்றே பிடித்து, அது இளகியதும் உடனே விடுங்கள்.

அப்புறம், கொஞ்ச நாளைக்குத் தடையே வேண்டாம். தரையில் இரண்டு கம்புகளை 60 அடி இடைவெளியில் போடச் சொல்லி, கேன்டரில் (மிதவேகப் பாய்ச்சல் ஓட்டத்தில்) குதிரையின் எட்டுகளை, அதாவது ஒவ்வொரு பாய்ச்சலையும், வாய்விட்டு எண்ணிக்கொண்டே கடந்து போங்கள். கேன்டரில் ஓர் எட்டின் நீளம் சுமார் 12 அடி, கம்பைத் தாண்டுவதற்கே ஓர் எட்டு போய்விடும், எனவே பெரும்பாலான குதிரைகளுக்கு நடுவில் 4 எட்டுகள் வரும். அதையே 5 ஆக்கிப் பாருங்கள்: குதிரையை டிராட்டுக்கு (அதைவிட மெதுவான, இரண்டு தட்டு ஓட்டத்துக்கு) இறங்கவிடாமல், கேன்டருக்குரிய மூன்று தட்டுத் தாளம் மாறாமல், எட்டை மட்டும் சுருக்கி. எண்ணக் கூச்சமாக இருந்தாலும் எண்ணுங்கள், மூச்சைப் பிடித்து இறுகிப்போகாமல் இருப்பீர்கள்.

இன்னொன்று, தாளம் தடையருகே கெடுவதாகத் தோன்றினாலும் பெரும்பாலும் அதற்கு முந்தைய திருப்பத்திலேயே கெட்டிருக்கும். அங்கே வெளிப்பக்கக் கடிவாளத்தைத் தளர்த்திவிடுகிறீர்களா என்று உங்கள் பயிற்சியாளரைப் பார்க்கச் சொல்லுங்கள்.