மான் வேட்டைக்கு ஒரு நாள் போவதென்றால் என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

கேள்வியில் கொழும்பு என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். இலங்கைக்குள் என்றால் என் பதில் ஒரே சொல்: போகாதீர்கள். புள்ளிமான், மரை எல்லாம் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. சுடுவது மட்டுமில்லை, இறைச்சியை வைத்திருந்தாலே வழக்கு. வன்னிப் பக்கம் யாராவது "நல்ல வத்தல் இருக்கு" என்று காதுக்குள் சொன்னாலும் வாங்காதீர்கள்.

ஆனால் கொழும்பிலிருந்து தமிழில் இப்படி ஒரு கேள்வி வந்தால் விஷயம் என்னவென்று எனக்கு விளங்கும். கனடாவில் ஓர் அத்தானோ சித்தப்பாவோ "நவம்பரில் வா, வேட்டைக்குக் கூட்டிப் போறன்" என்றிருப்பார். அப்படியே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் வேட்டைக்காரன் இல்லை. ஒன்டாரியோவில் அத்தானோடு கூடப் போய் இருந்தவன். துவக்கும் லைசன்சும் அவர் பாடு. நான் தொடவும் இல்லை. "உயிரைக் கொல்லப் போனவன் உபதேசம் சொல்ல வந்துவிட்டான்" என்று கீழே எழுதப் போகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிக் கடை வாசலில் நிற்காதவர்களாக இருந்தால் தாராளமாக எழுதலாம். அங்கே லைசன்சோடு டேக், அதாவது ஓர் அடையாளச் சீட்டு, கொடுக்கிறார்கள். மான் விழுந்தால் அதை அசைக்க முன்னரே அந்த டேக்கில் வெட்டுப் போடவேண்டும். கண்டபடி சுடுகிற காரியம் இல்லை அது.

சரி, பெட்டி கட்டுவது. வேட்டை என்றால் காட்டுக்குள் ஓடித் திரிவது என்று நினைத்துக்கொண்டு கட்டாதீர்கள். விடியற்காலையில் போய் ஓரிடத்தில் அசையாமல் இருப்பதுதான் முக்கால்வாசி வேலை. சூரியன் எழ அரை மணித்தியாலம் முன்னிருந்து மறைந்து அரை மணித்தியாலம் வரை சுடலாம் என்பது அங்கே சட்டம். அவ்வளவு நேரமும் சும்மா இருக்கிற உடம்புக்குத்தான் உடுப்பு வேண்டும். நடக்கும்போது உறைக்காத குளிர், சும்மா இருக்கும்போது எலும்புக்குள் ஏறும்.

அத்தான் தொலைபேசியில் சொன்னது, "ஒண்டும் கொண்டுவராத தம்பி, எல்லாம் இஞ்ச இருக்கு." எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். அங்கே இருந்தது அவருடைய பழைய ஜாக்கெட், டபுள் எக்ஸ்எல். கை நுனி என் விரலைத் தாண்டித் தொங்கியது. நல்லகாலம், நான் நுவரெலியாவில் தெருவோரக் கடைகளில் குளிருடுப்பு வாங்கிக்கொண்டு போயிருந்தேன். வெளிநாட்டுக்குத் தைத்து மிஞ்சியவை, மலிவு. உள்ளுக்குப் போட பருத்தியில்லாத மெல்லிய பனியன்கள், கம்பளி மேஸ் (காலுறை) சில சோடி. பெட்டியைத் திறந்ததும் அத்தான் சிரித்தார். "கொழும்பு ஏசிக்கே போர்க்கிறவன்" என்று அக்காவிடம் வேறு சொன்னார்.

சோளத் தோட்டத்து விளிம்பில், மரங்களுக்கு நடுவே துணி மறைப்பு ஒன்று கட்டியிருந்தார். இருட்டோடு இருட்டாக நடந்து போய் உட்கார்ந்தோம். அவர் போட்டிருந்தது பருத்தி மேஸ். நடந்த நடையில் கால் வியர்த்து, உட்கார்ந்த பிறகு அந்த ஈரம் குளிர்ந்துவிட்டது. வெளிச்சம் நன்றாக வந்ததும் சப்பாத்தைக் கழற்றினார். மேசிலிருந்து ஆவி பறந்தது. கால்விரல்கள் வெள்ளைவெளேரென்று இருந்தன. என்னைப் பாராமல் மெதுவாகக் கேட்டார், "தம்பி, அந்த மேஸ் இன்னொரு சோடி இருக்கே?" இருந்தது. கொடுத்தேன். அக்காவிடம் அதைச் சொன்னாரா என்று இன்றுவரை கேட்கவில்லை.

ஆக, மாற்று மேஸ், கையுறை, குந்தியிருக்க ஒரு தடித்த ஸ்பொஞ்ச் துண்டு. செம்மஞ்சள் மேலுடுப்பும் தொப்பியும் கட்டாயம். துவக்கால் வேட்டையாடுகிற காலத்தில் வேட்டைக்காரரின் இடுப்புக்கு மேலே குறைந்தது 400 சதுர அங்குலம் அந்த நிறம் தெரியவேண்டும் என்று விதி. கூடப் போகிறவரும் போடுங்கள், மற்றவன் துவக்குக்கு நீங்கள் யாரென்று தெரியாது. புறக்கோட்டையில் விற்கிற பச்சை கலந்த மஞ்சள் வீதிவேலை அங்கி அதற்கு ஈடாகாது. மான் அந்தச் செம்மஞ்சளைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது, நீலம்தான் அதன் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே ஜீன்ஸை வீட்டில் விடுங்கள்.

மானின் மூக்கு அதன் கண்ணைவிடக் கூர்மை. அம்மா வைத்துவிட்ட சித்தாலேப தைல டப்பாவை அத்தான் காரிலேயே பறித்துவிட்டார், அது சரிதான். சாப்பாட்டிலும் மிக்சர், முறுக்கு வேண்டாம். அந்த அமைதியில் பக்கற் உடைக்கிற சத்தமே ஊரைக் கூட்டும். பாண், பேரீச்சம்பழம், துணியில் சுற்றி. பிளாஸ்கில் பிளேன்ரீ. போன் பட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும், உள் பொக்கற்றில் வையுங்கள். மரத்தில் ஏறி இருக்கச் சொன்னால் உடம்பு முழுவதையும் பிணைக்கிற பாதுகாப்பு வார் தராமல் ஏறாதீர்கள். வேட்டையில் நிறையப் பேர் அடிபடுவது விழுந்துதான். உண்ணிக்கு, காற்சட்டை நுனியை மேசுக்குள் செருகிவிட்டு, திரும்பி வந்ததும் உடம்பைத் தடவிப் பாருங்கள். கத்தி, கயிறு, இறப்பர் கையுறை எல்லாம் அவர்களிடம் இருக்கும். மான் கிடைத்தால் குடல் எடுத்துச் சூட்டை இறக்குவதில் தாமதிக்கக்கூடாது, பிறகு இழுத்துக்கொண்டு வரவேண்டும். எங்களுக்கு அன்று கிடைக்கவில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் ஆகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு வருவார்கள். வெள்ளவத்தையில் எங்கள் இரண்டு அறை வீட்டில்தான் இறங்குவார்கள். நடுச்சாமத்தில் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வான் பிடித்துக்கொண்டு போவது நான், லீவு போட்டு நகைக்கடை, புடவைக்கடை என்று அலைவதும் நான். நாங்கள் அங்கே போனால் மட்டும் "வேலைக்கு லீவில்லை, பஸ்ஸில வந்திடு." அத்தானைச் சொல்லவில்லை, அவர் வந்து கூட்டிப் போனார். மற்றவர்களுக்குத் தெரியும்.

திரும்பும்போது இறைச்சியைக் கட்டிக்கொண்டு வரும் எண்ணமே வேண்டாம். இன்னொன்று, அத்தான் அன்பாக அந்த இலைபோட்ட உருமறைப்பு ஜாக்கெட்டைத் தருவார். ஆமி உடுப்பு மாதிரி ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு கட்டுநாயக்கவில் இறங்க வேண்டாம். ஏன் என்று கொழும்பில் வளர்ந்த தமிழருக்கு நான் விளக்கத் தேவையில்லை. அக்காவிடமே விட்டுவிட்டு வாருங்கள்.