எந்த ஆணின் இயற்கை?

கேள்வி: உலகச் சமூகங்களில் 85 விழுக்காடு பலதார மணத்தை அனுமதித்தவை என்று படித்தேன். அப்படியென்றால் பல பெண்களை நாடுவதுதானே ஆணின் இயற்கை? ஒருவனுக்கு ஒருத்தி என்பது மதமும் சட்டமும் பிற்காலத்தில் பூட்டிய விலங்கு. அதைக் கழற்றிவிட்டால் மனிதன் நிம்மதியாக இருப்பான் என்கிறேன். உங்கள் கருத்து?

பதில்: நீங்கள் படித்த எண் சரி. அதை வைத்து நீங்கள் வந்து சேர்ந்த முடிவுதான் தவறு. மானிடவியலாளர் ஜார்ஜ் மர்டாக் 1960-களில் வெளியிடத் தொடங்கிய தொகுப்பிலிருந்து பெறப்படும் எண் அது. சுமார் 1,200 சமூகங்களின் வழக்கங்களை அதில் அவர் திரட்டித் தந்தார். சில நூறு பேர் கொண்ட குடிக்கும், பல லட்சம் பேர் கொண்ட இனத்துக்கும் அந்தப் பட்டியலில் ஒரே ஒரு வரிதான். மேலும், அனுமதி வேறு, நடப்பு வேறு. அனுமதி இருந்த ஊர்களிலும் பெரும்பாலான ஆண்கள் ஒரு மனைவியோடுதான் வாழ்ந்தார்கள். சிலருக்கு அதுவும் வாய்க்கவில்லை.

இயற்கை என்கிறீர்கள். உடம்பிடமே கேட்டுவிடுவோம். கொரில்லாவில் வழக்கமாக ஓர் ஆணைச் சுற்றிப் பல பெண்கள். மற்ற ஆண்களை அடித்து விரட்டினால்தான் அந்த இடம் நிலைக்கும் என்பதால், ஆணின் எடை பெண்ணைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஜோடியாக வாழும் கிப்பன் குரங்கில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே அளவு. மனிதரில் ஆண் சுமார் 15 விழுக்காடுதான் கனம் கூடியவன். சிம்பன்சியின் கதை வேறு: ஒரே பெண்ணுடன் பல ஆண்கள் கூடுவதால் போட்டி விந்தணுக்களுக்குள் நடக்கிறது, அதனால் உடம்பில் நம்மைவிடச் சிறியதானாலும் அதன் விரைகள் நம்முடையதைவிட மிகப் பெரியவை. கொரில்லாவின் அச்சிலும் சிம்பன்சியின் அச்சிலும் நாம் வார்க்கப்படவில்லை. ஜோடி வாழ்க்கையின் பக்கம் சாய்ந்த, ஆனால் கிப்பன் அளவுக்கு அதில் ஊன்றிவிடாத உடம்பு நம்முடையது. இதிலிருந்து எந்தச் சட்டமும் தானாகப் பிறக்காது.

அப்படியானால் பலதாரம் எங்கே செழித்தது? சேர்த்து வைக்கச் சொத்து இருந்த இடத்தில். வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் பிழைத்த பெரும்பாலான குழுக்களில் இரண்டு மனைவி உள்ளவர்கள் மிகச் சிலரே. அன்று கிடைத்த இறைச்சியைக் குழுவோடு பங்கிட்டாக வேண்டும். இரண்டு குடும்பத்தைத் தாங்க ஒருவன் கையில் மிச்சம் ஏது? மாடும் நிலமும் ஒருவன் கைக்குள் குவியத் தொடங்கியதும் கணக்கு மாறியது. கென்யாவின் கிப்சிகிஸ் மக்களிடையே மாடு கொடுத்துப் பெண் எடுப்பார்கள். நிலம் அதிகம் உள்ளவனுக்கே மனைவியர் அதிகம். ஆக, நீங்கள் இயற்கை என்று கைகாட்டுவது வசதி படைத்த ஆணின் இயற்கையை.

இதற்கு நேர் எதிரான ஒரு வீட்டையும் பாருங்கள். திபெத்திய மலைக்கிராமங்களில் அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஒரே பெண்ணை மணந்தார்கள். ஆளுக்கொரு மனைவி என்றால் ஆளுக்கொரு துண்டு நிலமாகப் பிரியும். அந்தத் துண்டில் எந்தக் குடும்பமும் பிழைக்காது. ஆகவே நிலம் பிரியாமல் இருக்க வீடும் பிரியவில்லை. ஒருவன் வயலில், ஒருவன் மந்தையோடு, ஒருவன் வணிகத்துக்காக வழியில். பிறக்கும் பிள்ளைகள் எல்லாருக்கும் பொது. பல பெண்களை நாடுவதுதான் ஆணின் மாறாத இயற்கை என்றால், இந்தச் சகோதரர்களை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்?

சட்டம் பிற்காலத்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் விலங்கு பூட்டப்பட்டது யார் காலில்? துருக்கி 1926-இல், சீனா 1950-இல், துனிசியா 1956-இல் பலதாரத்தைத் தடை செய்தபோது, ஏழைக் குடியானவன் இழக்க எதுவும் இருக்கவில்லை. கட்டுப்பட்டது செல்வாக்குள்ளவனின் கைதான். ஒருதாரச் சட்டம் இருந்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். ரோமானியனுக்குச் சட்டப்படி ஒரு மனைவிதான். அவன் வீட்டு அடிமைப் பெண்களை அந்தச் சட்டம் பெண்களாகவே எண்ணவில்லை. அது எனக்குப் பெரிய களங்கமாகவே படுகிறது.

கடைசியாக, நீங்கள் சொல்லும் நிம்மதி. 100 ஆண்கள், 100 பெண்கள் உள்ள ஊரில் 20 பேர் ஆளுக்கு இரண்டு மனைவி கட்டினால், மீதி 80 ஆண்களுக்கு 60 பெண்கள். 20 இளைஞர்கள் வெறுங்கையோடு நிற்பார்கள். அவர்கள் பெரும்பாலும் ஏழைகள். பெண்களுக்குக் கிராக்கி கூடுவதால் பெண்களுக்கு நல்லது என்று வாதிடுபவர்கள் உண்டு. நடைமுறையில் அந்தக் கிராக்கியின் பலன் தகப்பனுக்கும் அண்ணனுக்கும் போகிறது. பெண் இன்னும் சிறு வயதிலேயே கைமாறுகிறாள்.

மாலி நாட்டின் டோகோன் மக்களிடையே நடந்த ஆய்வு 1997-இல் வெளிவந்தது. ஒரே மனைவி உள்ள குடும்பங்களைவிடப் பல மனைவியர் உள்ள குடும்பங்களில் சிறு குழந்தைகள் இறக்கும் அபாயம் அதிகம் என்று அது கண்டது. சக்களத்தி என்ற சொல்லுக்குள் எவ்வளவு கசப்பைச் சேர்த்து வைத்திருக்கிறோம் என்பது உங்களுக்கும் தெரியும். உங்கள் கேள்வியில் மதம் வருகிறது, சட்டம் வருகிறது, ஆணின் நிம்மதி வருகிறது. அந்தப் பெண்ணும் பிள்ளையும் ஓரிடத்திலும் வரவில்லை. அவர்களையும் சேர்த்துக் கேள்வியை மறுபடி எழுதி அனுப்புங்கள்.